மலையின் வயிற்றுத் தீ

அண்ணாமலையார் மலையில் மரம் நடும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



மாசி பிறந்துவிட்டால், இருட்டிய பிறகு மலையைப் பார்க்கிற திருவண்ணாமலைக் கண்கள் உச்சியைத் தேடுவதில்லை. சரிவுகளில் சிவப்பாக ஏதாவது ஊர்கிறதா என்றுதான் தேடுகின்றன. ஆளுயரம் வளர்ந்து காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், விடிவதற்குள் ஒரு சரிவே கறுத்துவிடும். பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அந்தத் தீயின் முன்னால் ஓடுகிறவர்கள் நீங்கள். 1980-களின் இறுதியிலிருந்து இந்த மலையில் மரம் நட்டு வருகிறவர்களின் வரிசையில் வந்தவர்கள். 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அறக்கட்டளைகள், வனத்துறை, ஆசிரமத்து அன்பர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று பலர் கை பட்ட வேலை அது. மொட்டைப் பாறையும் புல்லுமாகக் கிடந்த சரிவுகள் இன்று கிரிவலப் பாதையிலிருந்து பார்க்கும்போது பச்சையாகத் தெரிவதற்கு அந்தக் கைகளே காரணம்.

இந்த மடலும் தீயைப் பற்றியதுதான். நீங்கள் அணைக்கிற தீ ஒன்று. அதே மலையில் புகையில்லாமல், வெளிச்சமில்லாமல் ஆண்டு முழுவதும் எரிய வேண்டிய தீ இன்னொன்று. உடலுக்குள் சோற்றைச் செரிக்க வைப்பதாகச் சித்த வைத்தியர்கள் சொல்லும் ஜடராக்கினி, வயிற்றுத் தீ, மலைக்கும் உண்டு. கறையான், மண்புழு, மரவட்டை, சாணவண்டு, கண்ணுக்கே தட்டுப்படாத துள்ளுபூச்சி என்று கோடிக்கணக்கான சின்ன வயிறுகள் சேர்ந்த ஒரு பெரிய வயிறு அது. உங்கள் நாற்றுக் கணக்கு நோட்டில் மரத்தின் பெயர், நட்ட தேதி, பிழைத்ததா பட்டதா என்பதற்கெல்லாம் பத்தி உண்டு. வயிற்றுக்குத்தான் பத்தி இல்லை.

ஒரு சருகிலிருந்து தொடங்கலாம். தை, மாசியில் உசிலையும் வெப்பாலையும் இலை உதிர்க்கின்றன. மரம் கெட்டிக்காரி, உதிர்ப்பதற்கு முன்பே இலையிலிருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் சுமார் பாதியைத் தன் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். மிச்சத்தோடு இலை தரைக்கு வருகிறது. அந்த மிச்சம் மீண்டும் வேருக்குப் போனால்தான் அடுத்த ஆண்டின் தளிர். வெளியிலிருந்து யூரியா மூட்டை வராத இடம் காடு. அதன் வரவு செலவெல்லாம் இந்தச் சருகில்தான் நடக்கிறது.

சருகு மண்ணாவதற்கு மலையில் இரண்டு வழிகள். ஒன்று, எரிவது. எரிந்தால் தழைச்சத்துதான் முதல் பலி. சுமார் 200 பாகை செல்சியஸைத் தொட்டாலே அது வாயுவாகக் கிளம்பத் தொடங்கிவிடும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் 760, 770 பாகை வரை தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்புச் சத்து அசைய 1,480 பாகை வேண்டும். ஆகவே புல் தீயில் சாம்பலாக மிஞ்சுவது சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் கொஞ்சம் மணிச்சத்தும். சமவெளி வயலில் அது அங்கேயே கிடக்கும். சரிவான மலையில், மேலே மூட ஒரு சருகுகூட இல்லாத நிலையில், முதல் கோடை மழை அதை வாரிக்கொண்டு அடிவாரத்து ஏரிக்குப் போய்விடுகிறது. தீ வைத்தால் அடுத்த மழைக்குப் புல் செழித்து வரும் என்று ஆடு மாடு மேய்ப்பவர்கள் சொல்வது பொய்யல்ல. ஒரு பருவத்துக்கு வரும். மலை தன் சேமிப்பைப் பிடுங்கித் தின்கிற பருவம் அது.

மற்றொரு வழி, தின்னப்படுவது.

இந்த ஊருக்கு இதைப் புரியவைக்கப் பசுஞ்சாணத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. சாணத்தை உருட்டிக் காயவைத்துப் புடம் போட்டால் விபூதி. அதே சாணம் மலையடிவாரத்துப் புல்லில் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் சாணவண்டுகள் வந்து இறங்கும். சில உருட்டிக்கொண்டு போகும், சில அங்கேயே அடியில் குழி பறித்து இழுத்துப் புதைக்கும், சில சாணத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். குஞ்சுகளுக்குத் தீனியாகப் புதைத்ததில் மிஞ்சுவது வேருக்கு எரு. வண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்தது. 1788-இல் ஐரோப்பியர்கள் மாட்டோடு அங்கே இறங்கினார்கள். கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகளுக்கு மாட்டுச் சாணம் ஒத்துவரவில்லை. மேய்ச்சல் நிலமெங்கும் சாணம் வறட்டியாகக் காய்ந்து கிடந்தது, ஈ பெருகியது. 1960-களின் இறுதியிலிருந்து அந்நாட்டு அரசின் அறிவியல் நிறுவனம் வெளிநாடுகளிலிருந்து சாணவண்டுகளை வரவழைத்து விட வேண்டியிருந்தது. நம்மிடம் வண்டு இலவசமாக இருக்கிறது. மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்துகள் சாணத்தோடு வெளியேறி வண்டுக் குஞ்சுகளையும் கொல்லும் என்பதை மட்டும் அடிவாரத்து மாட்டுக்காரர்களிடம் யாராவது சொல்லி வைப்பது நல்லது.

சின்ன உயிர்கள் தின்பதால் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும், நுண்ணுயிர்களே சருகை மக்க வைத்துவிடாதா என்று கேட்பவர்கள் உங்களிலும் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிய சோதனை வெகு எளிமையானது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் எட்வர்ட்ஸ், ஹீத் என்ற இருவர் இலைத் துண்டுகளை நைலான் வலைப் பைகளில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். ஒரு பையின் கண் 7 மில்லிமீட்டர். மண்புழு தாராளமாக உள்ளே போகலாம். இன்னொன்றின் கண் அரை மில்லிமீட்டர். குட்டிப் பூச்சிகள் மட்டும் நுழையலாம். இன்னும் நுண்ணிய கண் கொண்ட பையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் தவிர யாருக்கும் அனுமதியில்லை. 1963-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, மண்புழு நுழைந்த பையில் இலை சுமார் மூன்று மடங்கு வேகமாக மறைந்தது. எல்லாரையும் வெளியே நிறுத்திய பையிலோ மாதக்கணக்கில் பார்த்தாலும் இலை இலையாகவே இருந்தது. எல்லா நாட்டிலும் இதே அளவு வித்தியாசம் வரும் என்றில்லை. உலகெங்கும் நடந்த இத்தகைய பைச் சோதனைகளை 2013-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது மண் உயிர்களால் சருகு மக்கும் வேகம் சராசரியாக 37 சதவீதம் கூடுவது தெரிந்தது.

காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. முழு மிளகு ரசத்தில் மிதக்கும். தட்டிப் போட்டால்தான் இறங்கும். மரவட்டை ஒரு சருகை அரைத்துத் தள்ளும்போது அதன் பரப்பு பலமடங்கு பெருகுகிறது. ஈரமான வயிற்றுக்குள் பாக்டீரியா சேர்கிறது. புழுக்கையாக வெளியே விழும்போது அது பாதி வெந்த பண்டம். மிச்சத்தைப் பூஞ்சை பார்த்துக்கொள்கிறது, அந்தப் பூஞ்சையை மேய இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. அவை மேய்ந்து கழித்ததில்தான் பூஞ்சைக்குள் பூட்டிக் கிடந்த தழைச்சத்து அவிழ்ந்து வேருக்குக் கிடைக்கிறது.

ஆனால் ராதம்ஸ்டெட் ஈரமான ஊர். திருவண்ணாமலையில் ஆண்டு மழை சுமார் ஆயிரம் மில்லிமீட்டர் என்றாலும் அது ஒருசில மாதங்களில் கொட்டி முடிந்துவிடும். இலை உதிர்வது தையில், நல்ல மழை வருவது ஆடிக்குப் பிறகு. இடையில் ஐந்தாறு மாதம் சருகு காய்ந்து கிடக்கிறது. அந்த மாதங்களில் மண்புழு ஆழத்துக்கு இறங்கி உறங்குகிறது. மரவட்டை பாறையிடுக்கில் முடங்கிவிடுகிறது. பூஞ்சைக்கு ஈரமில்லை. தீயின் பருவமும் அதுவே. அப்போது மலையில் வேலை செய்கிற வயிறு பெரும்பாலும் ஒன்றுதான்: கறையான்.

கறையான் என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்போம். 'செல் அரிச்சிடுச்சு' என்று புலம்பாத வீடு எது? நிலைக்கதவு, தாத்தாவின் பத்திரம், கல்யாண ஆல்பம் என்று ஆளுக்கொரு கதை உண்டு. ஆனால் உலகில் மூவாயிரத்தை நெருங்கும் கறையான் இனங்களில் வீட்டுக்குள் வம்பு செய்பவை சிறுபான்மை. நம் பக்கத்துப் பெரிய மண்புற்றுகளைக் கட்டும் ஓடன்டோடெர்மெஸ் வகைக் கறையான்கள் அடிப்படையில் விவசாயிகள். வேலைக்காரக் கறையான் சருகையும் குச்சியையும் தின்று, புற்றுக்குள் வந்து, அரைகுறையாகச் செரித்த எச்சத்தைத் தேன்கூடு போன்ற அடுக்குகளாகக் கட்டுகிறது. அந்த அடுக்கில் டெர்மிட்டோமைசெஸ் என்ற பூஞ்சையை வளர்க்கிறது. மரத்தின் கடினமான நாரை உடைக்கும் வேலை பூஞ்சையுடையது. உடைந்த பிறகு பூஞ்சையோடு சேர்த்து அடுக்கையே கறையான் தின்கிறது. இந்தக் கூட்டுத் தொழில் சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்கிறார்கள். மனிதன் பயிர் வைக்கத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருக்கிறது. மழை விட்ட மறுநாள் புற்றின் மேல் குடை விரித்து நிற்கும் புற்றுக்காளானைக் கறி வைத்துச் சாப்பிட்டவர்கள், தெரியாமலே அந்தத் தோட்டத்தின் மகசூலில் பங்கு வாங்கியவர்கள்.

காய்ந்த சருகை அது எப்படித் தின்கிறது என்பதில்தான் சூட்சுமம். ஆழத்திலிருந்து ஈர மண்ணை வாயில் கொண்டுவந்து, சருகின் மேலும் குச்சியின் மேலும் மெல்லிய மண் பூச்சாகப் பூசி, அந்தக் கூரைக்கு அடியில் நிழலிலும் ஈரத்திலும் இருந்துகொண்டு தின்கிறது. பங்குனி வெயிலில் சருகுக்கு மேல் செம்மண் தோல் போர்த்தியதுபோல் தெரிந்தால், கீழே பந்தி நடக்கிறது என்று அர்த்தம். அப்படித் தின்னப்பட்ட ஒவ்வொரு சருகும் தீக்குக் கிடைக்காத விறகு. தழைச்சத்து காற்றில் போகாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. கூடவே கீழ்மண் மேலே வருகிறது. வேர் எட்டாத ஆழத்துக் களியையும் சுண்ணாம்பையும் புற்றாகக் குவிக்கிறது கறையான். மழையில் புற்று கரையக் கரைய அது சுற்றிலும் பரவுகிறது. கர்நாடகத்துப் பந்திப்பூர் காட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து பிரெஞ்சு மண்ணியலாளர்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் அளந்து வருகிறார்கள்.

கோயில் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. குடமுழுக்குக்கும் பெருவிழாவுக்கும் முன்னால் புற்று மண் எடுத்து வந்து, பாலிகைக் கிண்ணங்களில் நிரப்பி, நவதானியம் முளைக்கப் போடுகிற சடங்கு நடக்கும். மிருத்சங்கிரகணம் என்று ஆகமத்தில் அதற்குப் பெயர். சடங்கின் தத்துவத்தைச் சிவாச்சாரியார்கள் சொல்வார்கள். விதை நன்றாக முளைக்கிற மண் எது என்று யாரோ என்றைக்கோ பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது இம்மடலை எழுதுகிறவரின் ஊகம். ஆடி வெள்ளியில் நாம் பால் ஊற்றுவது பாம்புக்கு. வீட்டைக் கட்டியவர் யாரென்று ஒருவரும் கேட்பதில்லை.

வறட்சியில் கறையானின் மதிப்பு என்ன என்பதற்கு போர்னியோ காட்டிலிருந்து ஒரு சான்று உண்டு. 2015-16 எல் நினோ வறட்சியின்போது மலேசியாவின் மாலியாவ் பள்ளத்தாக்கில் சில பரப்புகளில் மட்டும் கறையானை ஆய்வாளர்கள் ஒடுக்கினார்கள். கருவி என்ன தெரியுமா? மருந்து தோய்த்த கழிப்பறைக் காகிதச் சுருள். கறையானை விட்டுவைத்த பரப்புகளில் வறட்சிக் காலத்தில் அவற்றின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகியது, சருகு வேகமாக மக்கியது, மண்ணில் ஈரம் அதிகமாக நின்றது. அங்கே நட்ட நாற்றுகளில் பிழைத்தவை 51 சதவீதம் அதிகம். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் இது வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து நாற்றுக்கு ஊற்றுகிற உங்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். மழைக்காடும் நம் வறண்ட மலையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் அடுத்த செய்தி நம் பக்கம் சாய்கிறது. ஆறு கண்டங்களில் 133 இடங்களில் மரக்கட்டைகளை வைத்துப் பார்த்து 2022-இல் வெளியான ஆய்வு, வெப்பம் 10 பாகை கூடினால் நுண்ணுயிரின் வேகம் சுமார் இரு மடங்காகிறது, கறையானின் வேகம் ஏறக்குறைய ஏழு மடங்காகிறது என்று கண்டது. சூடான வறண்ட நிலம் கறையானின் சொந்த ஊர்.

'அதெல்லாம் சரி, எங்கள் நாற்றின் வேரை அரித்தது யார்?' என்ற முணுமுணுப்பு கேட்கிறது. கறையான்தான். சருகைக் கூட்டிப் பெருக்கி, குச்சியைப் பொறுக்கி, வட்டமாகப் பாத்தி கட்டி, நடுவில் ஒற்றை நாற்றை வைத்தால், பசியோடு வருகிற கறையானுக்கு அந்த வட்டத்தில் தின்பதற்கு வேறு என்ன இருக்கிறது? நாற்றைச் சுற்றித் தண்டில் படாமல் ஒரு சாண் கனத்துக்குச் சருகு பரப்பிப் பாருங்கள். பந்தியில் இலை போட்டவனை யாரும் கடிப்பதில்லை. மருந்து ஊற்றுவது கடைசி வழியாகக்கூட வேண்டாம். அது கறையானோடு நிற்காது.

கறையானிடமிருந்து எல்லாரும் சாப்பிடும் நாள் ஒன்று உண்டு. மழை ஓய்ந்த மாலை, புற்றுகள் வாய் திறந்து ஈசல் புறப்படும் நாள். காகம், கோழி, ஓணான், தவளை, தெருவிளக்கடியில் பல்லி, பள்ளம் வெட்டி விளக்கு வைத்துப் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் என்று மொத்த ஊருக்கும் விருந்து. வறுத்த ஈசலில் பொரியும் வெல்லமும் சேர்த்துத் தின்ற ருசி திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் வயதானவர்களுக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆறு மாதமாகத் தின்ற சருகு, சிறகு முளைத்து, ஒரே மாலையில் பறவையாகவும் தவளையாகவும் மாறுகிறது.

மழைக்குப் பின் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு மரவட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தொட்டால் சுருளியாகச் சுருண்டுகொள்ளும் அதன் ஓட்டில் சுண்ணாம்பு இருக்கிறது. செத்த மரவட்டை வெயிலில் வெளுத்து வெள்ளை வளையங்களாகச் சிதறிக் கிடப்பதைச் சிறுவர்கள் பொறுக்கி விளையாடுவார்கள். அது இலையிலிருந்து வந்த சுண்ணாம்பு, மண்ணுக்குத் திரும்புகிற வழியில் சற்று நின்றிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆர்த்ரோஸ்ஃபேரா என்ற உருண்டை மரவட்டைகள் உண்டு. சுருண்டால் பெரிய கோலிக்குண்டு போல இருக்கும். காட்டுச் சருகை அவை எப்படி எருவாக்குகின்றன என்று மங்களூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். மரவட்டை தன் புழுக்கையையே மறுபடி தின்னும் வழக்கமும் உடையது. அருவருக்க வேண்டாம், முதல் முறை போகாத சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மண்புழுவுக்கு மட்டும் நல்ல பெயர் உண்டு. உழவனின் நண்பன் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பட்டம் கொடுத்துவிட்டோம். அதற்கு அடிப்படை போட்டவர் சார்லஸ் டார்வின். குரங்கையும் மனிதனையும் பற்றிய சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, 1881-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், அவர் வெளியிட்ட கடைசி நூல் மண்புழுவைப் பற்றியது. வீட்டில் தொட்டியில் புழு வளர்த்தார். மனைவியைப் பியானோவும் மகனைப் பஸூன் குழலும் வாசிக்கச் சொல்லிப் புழுவுக்குக் காது உண்டா என்று பார்த்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேல் மண் புழுவின் குடல் வழியாக மேலே வருகிறது என்று கணக்குச் சொன்னார்.

சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1891-இல், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகம் வெளிவந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து இடம்பெற்ற அதே நாடகம். அதில் நடராசன் என்ற பாத்திரம் தனியே நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசுகிறான். மண்ணைப் பதப்படுத்தும் அதன் உழைப்பையும், ஒருவருக்கும் தெரியாமல் அது ஒளிந்து வாழ்கிற அடக்கத்தையும் வியக்கிறான். தமிழில் ஒரு புழுவுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்த இடம் வேறு உண்டா என்பது சந்தேகம். நாங்கூழ் என்ற அழகான சொல்லை நாம்தான் தொலைத்துவிட்டோம். அறிவியல்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு மரியாதை செய்தார்கள். ஹாம்பர்க் விலங்கியலாளர் மிக்கேல்சன் 1900-இல் பெயரிட்ட ஒரு மண்புழுப் பேரினத்தின் பெயர் 'ட்ராவிடா'. நம் மண்ணில் அதன் இனங்கள் ஏராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாற்றங்காலுக்கு மண்புழு உரம் தயாரிக்கிறவர்கள் பலர் வாங்குவது ஆப்பிரிக்க மண்புழு, அதாவது யூட்ரிலஸ் யூஜினியே. எருக்குழியில் அது அசுரத் தீனி தின்னும். சென்னை புதுக்கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், நம் ஊர்ப் புழுக்களான லாம்பிட்டோ மவுரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் ஆகியவற்றைக் கொண்டே உரம் செய்யலாம் என்று பல்லாண்டுகளாகச் செய்து காட்டினார். தொட்டியில் எது இருந்தாலும் போகட்டும். மலையில் புழுவைக் கொண்டுபோய் 'விடுகிற' ஆர்வம் வேண்டாம். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் பனியுகத்துக்குப் பின் மண்புழுவே இல்லாமல் இருந்தது. குடியேறியவர்களோடும் தூண்டில் இரையோடும் போய்ச் சேர்ந்த ஐரோப்பியப் புழுக்கள் தரையின் தடித்த சருகு மெத்தையை ஒரேயடியாகத் தின்று தீர்த்து, அதை நம்பி முளைத்த காட்டுச் செடிகளை அழித்துவிட்டன. தீ மந்தமானாலும் நோய், மிஞ்சினாலும் நோய் என்று வைத்தியர் சொல்வது இதற்கும் பொருந்தும். மலைக்கு வேண்டிய புழு மலையிலேயே இருக்கிறது. சருகும் நிழலும் ஈரமும் வந்தால் தானே மேலே வரும்.

இத்தனை பேரையும் கண்ணால் பார்க்கலாம். பார்க்க முடியாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். வாலைச் சுண்டித் துள்ளும் கொலெம்போலா, புழுதித் துகள் போன்ற மண் சிலந்திப்பேன்கள். இவற்றில் பெரியதும் அழகானதும் ஒன்று உண்டு. மழைக்குப் பின் மணலில் சிவப்பு வெல்வெட் துண்டு போல நகரும் தம்பலப்பூச்சி. சங்கப் புலவர்கள் மூதாய் என்று பாடியது அதைத்தான். அந்தச் சாது முகத்தை நம்பாதீர்கள். வளர்ந்த தம்பலப்பூச்சிக்குக் கறையான் பிடித்த உணவு. மற்றவர்களைப் பார்க்க, ஒரு தகரப் புனலில் சல்லடை வைத்து, மேலே ஒரு கை ஈரச் சருகு போட்டு, அதற்கு மேல் குண்டு பல்பை எரியவிட்டு, கீழே வெள்ளைக் கிண்ணம் வையுங்கள். சூட்டுக்குப் பயந்து கீழே இறங்கி இறங்கிக் கிண்ணத்தில் விழும். அந்தோனியோ பெர்லேசி என்ற இத்தாலியர் 1905-இல் சொன்ன யோசனை இது. அவர் வெந்நீரால் சூடேற்றினார், பிறகு வந்த ஸ்வீடன்காரர் டுல்கிரேன் பல்பு போட்டார். பிள்ளைகள் பூதக்கண்ணாடியோடு அந்தக் கிண்ணத்தை விட்டு அகல மாட்டார்கள்.

2024 டிசம்பர் 1-ஆம் தேதியைப் பற்றிப் பேசாமல் இந்த மலையின் மண்ணைப் பற்றிப் பேச முடியாது. ஃபெஞ்சல் புயல் மழையில் சரிவு இளகி, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மீது பாறையும் சேறும் இறங்கியதில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். கறையானும் புழுவும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அத்தனை மழைக்கு முன் அந்தக் கணக்கு எடுபடாது. பாறைச் சரிவிலே வீடு என்பது தனிப் பிரச்சினை. இங்கே சொல்ல முடிவது சிறியது. உயிர் துளைத்த மண்ணில் சாதாரண மழை உள்ளே இறங்கும். தீ தின்ற மொட்டைத் தரையில் அதே மழை மேலோடு ஓடி, இருக்கிற கொஞ்ச மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். மெல்லிய மண் போர்வை கொண்ட மலைக்கு ஒரு விரற்கடை மண் போவதும் பெரிய இழப்பு.

தமிழ்நாட்டின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக்க 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியது. அதில் எண்ணப்படுவதும் நாற்றுதான். எண்ண எளிதானதை எண்ணுவது மனித இயல்பு. அதற்காக அதிகாரிகளைத் திட்டிப் பயனில்லை. நீங்கள் வேறு மாதிரி செய்யலாம். தீத்தடுப்புக் கோட்டுக்காகச் சருகைச் சுரண்டும்போது அதை ஓரத்தில் குவித்துக் கொளுத்தாமல், கோட்டுக்கு உள்பக்கம் நாற்றுகளின் காலடிக்கு அனுப்பலாம். விழுந்த மரத்தை, விறகு வெட்டுகிறவர் கண்ணில் படுவதற்கு முன், சரிவுக்குக் குறுக்காகப் போட்டுவிடலாம்; மண்ணையும் தாங்கும், கறையானுக்கும் தீனி. புற்று குறுக்கே வந்தால் குழியை இரண்டடி தள்ளி எடுக்கலாம். தைலமரச் சருகை நம் உயிர்கள் விரும்பித் தின்பதில்லை; புங்கன் போன்ற, தழைச்சத்து மிகுந்த இலைகளை இடையிடையே கலந்து நட்டால் பந்தி களைகட்டும். ஆசிரமத் தோட்டங்களிலும் கிரிவலப் பாதை ஓரத்திலும் காலையில் கூட்டிக் கொளுத்தப்படும் சருகு பற்றி அந்தந்த இடத்துப் பெருக்குகிறவர்களிடம் பேசலாம். அவர்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது 'சுத்தமாக இருக்க வேண்டும்' என்பது மட்டுமே.

ரமணர் 1896-இல் பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்து, ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்க இருட்டில் அமர்ந்திருந்தபோது, எறும்பும் பூச்சியும் அவருடைய தொடைகளை அரித்துப் புண்ணாக்கியதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவர் அசையவில்லை என்பதை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. பூச்சிகள் தங்கள் வேலையைச் செய்தன என்பதும் அதே சம்பவத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், செலவில்லாதது. காய்கறிச் சந்தையில் வெங்காய மூட்டையின் சிவப்பு வலை சும்மாவே கிடைக்கும். பழைய கொசுவலை எந்த வீட்டிலும் இருக்கும். தைப் பொங்கல் கழிந்ததும் இரண்டிலும் ஒரே அளவில் சின்னப் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் வெயிலில் நன்றாகக் காயவைத்த உசிலைச் சருகை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பத்துக் கிராம் போட்டுக் கட்டுங்கள். உசிலையின் சிற்றிலை வெங்காய வலைக் கண்ணில் உதிரும் என்று தோன்றினால் வெப்பாலை இலையாக இருக்கட்டும். மரம் கூடிய சரிவில் பத்து ஜோடி, தீ அடிக்கடி தின்னும் புல் சரிவில் பத்து ஜோடி, கல்லை வைத்து அழுத்திவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். சித்திரை முடிவில் பாதியை எடுங்கள், ஐப்பசி மழை முடிந்ததும் மீதியை. மண்ணைத் தட்டி, உலர்த்தி, அதே தராசில் நிறுத்து, நாற்றுக் கணக்கு நோட்டின் வலது ஓரத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து எழுதுங்கள். வலையில் செம்மண் பூச்சு படிந்திருந்தால் அதையும் குறியுங்கள். சித்திரைப் பைகளில் அது எத்தனை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மலையடிவாரத்து வாசகர் ஒருவர்